642-ஆம் தலைப்பில் இல்லாத சொல்

எங்கள் வீட்டுக்குள் ஆங்கிலம் கேஸ் கட்டுகளோடுதான் வந்தது. அப்பா கும்பகோணத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஊரே அந்த வக்கீலை ‘ஐயா’ என்றுதான் சொல்லும், நாங்களும் அப்படித்தான். கோர்ட் கலைந்து, ஐயா வீட்டு ஆபீஸில் மறுநாள் வாய்தாக்களை எல்லாம் எழுதி முடித்து, அப்பா வீடு வந்து சேர ஏழரை எட்டு ஆகிவிடும். கையில் மஞ்சள் பை. அதற்குள் நீளவாக்கில் மடித்து நாடா கட்டிய கட்டுகள், அன்று டைப் அடித்து வந்த காகிதங்கள், கார்பன் வாசனை.

சாப்பாட்டுக்கு முன்னால் ‘கம்பேர்’ நடந்தாக வேண்டும். ஐயா தன் கைப்பட எழுதிய டிராஃப்டை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் டைப் பிரதியில் வரிவரியாக விரல் ஓட்டிக்கொண்டு வருவார். ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தாலும் அங்கேயே நிறுத்தித் திருத்த வேண்டும். அண்ணன் இந்த வேலை என்றாலே வாசல் பக்கம் நழுவிவிடுவான். ஆகவே வாசிப்பது என் பொறுப்பாயிற்று. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடா கோர்ட்டு காயிதம்?” என்று பாட்டி முணுமுணுப்பாள். அப்பா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். “நீ வாசிம்மா. நிறுத்தி வாசி. கமா வந்தா கமான்னு சொல்லு” என்பார்.

அப்படித்தான் வாசித்தேன். கமா, ஃபுல்ஸ்டாப், நியூ பாரா, எல்லாம் வாயால் சொல்லி. பொருள் தெரியாத சொற்களை முதலில் ஓசையாகத்தான் அறிந்தேன். ‘வேர்ஆஸ்’, ‘ஹியர்இன்ஆஃப்டர்’ எல்லாம் நாக்குக்குப் பழகிப்போயின. அப்பா வட்ட ரப்பரால் தப்பு எழுத்தை மெதுவாகத் தேய்த்து, அதன் நுனியில் இருக்கும் குச்சித் தூரிகையால் தூளைத் தட்டிவிட்டு, கறுப்பு மையால் சரியான எழுத்தைப் போடுவார். அந்த எழுத்து டைப் எழுத்து போலவே இருக்கும். நான்கு கார்பன் பிரதிகளிலும் அதே நிதானத்தோடு போடுவார். அப்பாவின் கைகளை நினைத்தால் இன்றும் எனக்கு அந்தத் தேய்ப்புதான் கண்ணில் வரும்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே சொல்: ‘இம்பார்ட்டன்ட்’. டீச்சர் “இது இம்பார்ட்டன்ட், ஸ்டார் போட்டுக்கோங்க” என்பார். நோட்டில் ஒரு நட்சத்திரம் போடுவோம். அதைவிட முக்கியம் என்றால் இரண்டு, பரீட்சைக்குக் கட்டாயம் வரும் என்றால் மூன்று. முக்கியம் என்பதற்கு அளவு நட்சத்திர எண்ணிக்கைதான் என்று என் வகுப்பு முழுக்க நம்பியது. வீட்டிலோ ராத்திரி வேறு பாடம் நடந்தது. கோர்ட் காகிதத்தில் நட்சத்திரம் இல்லை. அங்கே ஒவ்வொரு கனத்துக்கும் ஒரு தனிச் சொல், ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு இடம்.

முதலில் பிடிபட்டது ‘மெட்டீரியல்’. துணிக்கடையில் அம்மா “நல்ல மெட்டீரியல்” என்று சொல்வதைக் கேட்டிருந்த எனக்கு, பிராதில் ‘மெட்டீரியல் ஃபேக்ட்ஸ்’ வந்தபோது விளங்கவில்லை. அப்பா சொன்னார்: “கேஸை எந்த விஷயம் தாங்கி நிக்குதோ அது மெட்டீரியல். அதை உருவிட்டா கேஸே விழுந்துடும்.” 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆறாம் ஆர்டர், இரண்டாம் விதி இதைத்தான் சொல்கிறது என்பதைப் பின்னாளில் படித்தேன். பிராதில் மெட்டீரியல் விஷயங்கள் மட்டும் இருக்க வேண்டும், அதுவும் சுருக்கமாக. சாட்சியம் அங்கே வரக்கூடாது. கட்சிக்காரர்களுக்கு இது ஒருநாளும் புரிந்ததில்லை. தம்பி தன்னை எந்தெந்த வார்த்தை சொல்லித் திட்டினான், யார் யார் கேட்டார்கள், அன்று வீட்டில் என்ன விசேஷம் என்று எல்லாமே காகிதத்தில் ஏற வேண்டும் என்பார்கள். அவர்கள் மனதில் கனத்துக் கிடப்பது அந்தத் திட்டுதான். சட்டத்துக்குக் கனம் பத்திரத்தின் தேதி. அப்பா அவர்களைப் பேசி முடிக்கவிட்டு, “எழுதிக்கிட்டேன்” என்பார். தனி நோட்டில் எழுதிக்கொள்ளவும் செய்வார். பிராதுக்கு அது வராது என்று தெரிந்தும் எழுதிக்கொண்டார்.

அடுத்து ‘கிரீவஸ்’. மதகு திறப்பதில் இரண்டு பங்காளிகளுக்குள் சண்டை. ஒருவருக்குக் கடைவாய்ப் பல் போயிற்று. அந்தக் கட்டை வாசிக்கும்போது ‘கிரீவஸ் ஹர்ட்’ என்று வந்தது. ஒரு பல்லுக்கு இவ்வளவு பெரிய சொல்லா என்று கேட்டேன். அப்பா எழுந்து போய் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து, அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவைக் காட்டினார். கொடுங்காயம் என்பதற்கு எட்டு வகை எண் போட்டு அடுக்கியிருந்தது. எலும்போ பல்லோ முறிந்தால், இடம் பெயர்ந்தால் அதில் ஒன்று. சாதாரணக் காயம் என்றால் தண்டனை ஓராண்டு வரை. கொடுங்காயம் என்றால் ஏழாண்டு வரை போகலாம். ஒரு பெயரடை மாறினால் ஒரு மனிதனின் ஆறு வருஷம் மாறுகிறது. அன்று ராத்திரி வெகுநேரம் நாக்கால் என் பற்களைத் தடவிக்கொண்டு படுத்திருந்தேன்.

ஐயாவின் ஆபீஸுக்கு லீவு நாட்களில் அப்பாவோடு போவேன். காவிரிக்கரைப் பக்கமாக, முன்னால் திண்ணை, உள்ளே நீளக் கூடம், சுவர் முழுக்க மெட்ராஸ் லா ஜர்னல் வால்யூம்கள். 1891-ல் தொடங்கிய பத்திரிகை அது. பழைய வால்யூம்களின் தோல் அட்டை தொட்டால் கையில் செம்பொடியாக ஒட்டும். ஐயாவுக்கு அப்போதே எழுபது இருக்கும். சின்ன வயதில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சூடாமணி நிகண்டை உருப்போட்டவர். அதனால்தானோ என்னவோ, அவருடைய மேஜையில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே ரோஜேயின் தெசாரஸ் எப்போதும் இருந்தது.

“இதுவும் நிகண்டுதான் பாப்பா” என்று அதை என்னிடம் கொடுத்தார். பீட்டர் மார்க் ரோஜே ஒரு டாக்டர். 1805-ல் தன் சொந்த உபயோகத்துக்கென்று சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுக்க ஆரம்பித்து, 1852-ல் எழுபது வயதைத் தாண்டியபின் புத்தகமாகப் போட்டார். அகராதி போல எழுத்து வரிசையில் இருக்காது. நிகண்டில் தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி தொகுதியாக இருப்பதுபோல, இதில் ஆயிரம் தலைப்புகள். ஒரு தலைப்பும் அதன் எதிர்த் தலைப்பும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் நிற்கும். ‘இம்பார்ட்டன்ஸ்’ 642-ஆவது. அதன் எதிரே 643, முக்கியமின்மை.

அந்த 642 எனக்கு ஒரு திருவிழாவாக இருந்தது. மொமென்டஸ், மெட்டீரியல், வெயிட்டி, நோட்டபிள், சேலியன்ட், மெமரபிள், கிரேவ், சீரியஸ், அர்ஜன்ட், கிரிட்டிகல், பாரமவுன்ட், எசென்ஷியல், வைட்டல், கார்டினல், சிக்னிஃபிகன்ட். நான் வரிசையாக வாசிக்க வாசிக்க ஐயா ஒவ்வொன்றின் அடியையும் சொல்லிக்கொண்டே வந்தார். ‘வைட்டல்’ உயிர் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அது போனால் உயிர் போகும் என்கிற இடத்தில்தான் வர வேண்டும். ‘கார்டினல்’ கதவின் கீல். சுழல்வதெல்லாம் அதைப் பற்றித்தான் சுழலும். ‘மொமென்டஸ்’ தராசை அசைத்துவிடும் கனம். ‘க்ரூஷியல்’ சிலுவை என்ற சொல்லிலிருந்து. ஆங்கிலத் தத்துவ அறிஞர் பேக்கன் அதைப் பாதை பிரியுமிடத்துக் கைகாட்டி மரத்துக்கு எடுத்தாண்டார். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானிக்கும் இடம் அது. ‘சிக்னிஃபிகன்ட்’ அடையாளம், தன்னளவில் சிறியதாக இருந்தாலும் வேறொன்றைக் காட்டிக்கொடுப்பது. ஒன்றின் நாற்காலியில் இன்னொன்று உட்கார முடியாது என்பார். ஜூனியர்கள் யாராவது டிராஃப்டில் ‘வெரி வைட்டல்’ என்று எழுதிவிட்டால் ‘வெரி’யின் மேல் பேனா அழுத்தமாக ஓடும். உயிரில் கொஞ்சம் உயிர், ரொம்ப உயிர் உண்டா என்று கேட்பார். உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லியிருப்பதையும் அவர்தான் எனக்கு முதலில் சொன்னது.

1977-ல் நான் எட்டாம் வகுப்பு. அந்த வருஷம் ஐயாவின் ஆபீஸில் எல்லோர் வாயிலும் ஒரே சொல்: ‘சப்ஸ்டான்ஷியல்’. சிவில் நடைமுறைச் சட்டத்துக்கு 1976-ல் கொண்டுவந்த பெரிய திருத்தம் 1977 பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்திருந்தது. முன்சீப் கோர்ட், சப் கோர்ட் இரண்டிலும் தோற்றவர்களும், முன்னதில் ஜெயித்துப் பின்னதில் தோற்றவர்களும் ஹைகோர்ட்டுக்குச் செகண்ட் அப்பீல் போவதற்கு 100-ஆவது பிரிவுதான் வழி. முன்பெல்லாம் கீழ்க்கோர்ட் தீர்ப்பு சட்டத்துக்கு விரோதமாக இருக்கிறது என்று காட்டினால் உள்ளே போகலாம். இனிமேல் வழக்கில் ‘சப்ஸ்டான்ஷியல் கொஸ்டின் ஆஃப் லா’ இருந்தால்தான் உண்டு. அந்தக் கேள்வி என்ன என்பதையும் அப்பீல் மெமோவிலேயே துல்லியமாக எழுத வேண்டும். ஹைகோர்ட்டும் அந்தக் கேள்வியைத் தானே வகுத்துவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும்.

எனக்கு இந்தச் சொல் வேறொருவரால்தான் நெஞ்சில் பதிந்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இட்லி வியாபாரம் செய்த ஒரு அத்தை. சொந்த அத்தை அல்ல. தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அத்தை. அவர் வீடு பின்கட்டில். முன்கட்டு வீட்டுக்கு ஓரமாக ஒரு சந்து உண்டு, அதுதான் அவருக்குத் தெருவுக்கு வரும் வழி. விடியற்காலையில் இட்லிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, சாம்பார்த் தூக்கைக் கையில் பிடித்தபடி அந்தச் சந்தில் பக்கவாட்டாக நடந்து வருவார். முன்கட்டுக்காரர் ஒருநாள் சந்தின் வாயில் கதவு வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே குடும்பச் சொத்து. தாத்தா காலத்தில் பாகம் பிரிந்தது. முன்சீப் கோர்ட்டில் அத்தை ஜெயித்தார். அப்பீலில் சப் கோர்ட்டில் தோற்றார். பின்னால் வாய்க்கால் கரை வழியாகப் போக முடிகிறதே, அசௌகரியம் வேறு, அவசியம் வேறு என்பது தீர்ப்பு. அந்தக் கரையில் நான் நடந்திருக்கிறேன். ஐப்பசி கார்த்திகையில் கணுக்கால்வரை சேறு. தலையில் கூடையோடு அதில் யாரும் நடக்க முடியாது.

அத்தை ஐயாவின் ஆபீஸுக்கு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். திண்ணையில் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“மெட்ராஸுல கேப்பாங்களாங்கய்யா?”

“கேக்கறதுக்கு இப்பப் புதுசா ஒரு நிபந்தனை வச்சிருக்காங்கம்மா. சட்டத்துல கனமான கேள்வி ஒண்ணு இருக்கணும்.”

“எனக்கு இதைவிடக் கனம் என்னங்கய்யா இருக்கு? அந்தச் சந்து இல்லேன்னா அடுப்பு இல்லே.”

ஐயா உடனே பதில் சொல்லவில்லை. அப்பா குனிந்தபடி கட்டின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஐயா என்னைக் கூப்பிட்டு, “பாப்பா, மேல் தட்டுல 1951 வால்யூம் எடு” என்றார்.

அந்த வால்யூமில் இருந்தது மெட்ராஸ் ஹைகோர்ட்டின் ஃபுல் பெஞ்ச் தீர்ப்பு. ரிம்மலபூடி சுப்பா ராவ் வழக்கு. சட்டக் கேள்வி ஒன்றைச் ‘சப்ஸ்டான்ஷியல்’ என்று சொல்ல வேண்டுமானால் அது ஊருக்கெல்லாம் முக்கியமானதாக இருந்தாக வேண்டுமா என்பதுதான் அங்கே விவாதம். வேண்டியதில்லை என்று பெஞ்ச் சொன்னது. வழக்காடும் இருவரின் உரிமையை அந்தக் கேள்வி உண்மையில் பாதித்தால் போதும். கூடவே அதற்கான பதில் ஐயத்துக்கு இடமில்லாமல் ஏற்கெனவே தீர்ந்துபோனதாக இருக்கக்கூடாது. 1962-ல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச், சுன்னிலால் மேத்தா வழக்கில், இந்த மெட்ராஸ் பார்வையைத்தான் ஏற்றுக்கொண்டது. ‘பொதுமுக்கியத்துவம்’ தேவை என்று சட்டம் நினைத்த இடத்தில் அதைத் தனியாகவே சொல்லியிருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டுக்குச் சிவில் அப்பீல் போகும் அரசியல் சாசனத்தின் 133-ஆவது ஷரத்தில், 1972-ஆம் ஆண்டு முப்பதாவது திருத்தத்தால் ‘சப்ஸ்டான்ஷியல்’ என்பதோடு ‘ஜெனரல் இம்பார்ட்டன்ஸ்’ என்பதும் சேர்ந்தது. அதற்கு முன் அங்கே இருபதாயிரம் ரூபாய் மதிப்பு என்று பணக்கணக்கு இருந்தது. செகண்ட் அப்பீலுக்கான 100-ஆவது பிரிவில் அந்த இரண்டாவது சொல்லை வைக்கவில்லை.

ஐயா இதை அத்தையிடம் எப்படிச் சொன்னார் என்பது இன்றும் காதில் இருக்கிறது. “உலகத்துக்கெல்லாம் இது பெரிய விஷயமா இருக்கணும்னு அவசியமில்லேம்மா. ஒனக்கும் அந்த முன்கட்டுக்காரருக்கும் இதனால உரிமை மாறணும். அதுக்குச் சட்டத்துல முடிவு இன்னும் சொல்லாம இருக்கணும். முதல் பாதி ஒங்கிட்ட இருக்கு. ரெண்டாவது பாதிய நான் தேடணும்.”

அத்தை போனபிறகு நான் தெசாரஸை எடுத்து 642-ல் தேடினேன். ‘சப்ஸ்டான்ஷியல்’ அங்கே இல்லை. பின்பக்கத்து அட்டவணையைப் பிடித்துப் போனால் அது புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே இருந்தது, மூன்றாம் தலைப்பில். ஒன்று இருப்பு, இரண்டு இன்மை, மூன்று சப்ஸ்டான்ஷியாலிட்டி. அதன் எதிரே நான்காவது, உள்ளீடற்றது. ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “சரிதான். பெரிசு, சின்னது பத்தின சொல்லே இல்ல இது. உள்ள ஏதாவது இருக்கா, வெறும் பொட்டான்னு கேக்கற சொல்” என்றார். அன்று அவருக்கு என்மேல் வந்த மரியாதை, பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கியபோதுகூட எனக்கு யாரிடமிருந்தும் கிடைத்ததில்லை.

இரண்டாவது பாதி பாகப் பத்திரத்தில் கிடைத்தது. நகல் வாங்கி வந்து அப்பா வரிவரியாகப் படித்தார். கூட்டெழுத்தில் எழுதிய பழைய பத்திரம். சொத்து விவரத்துக்கடியில் பின்கட்டுப் பங்கோடு ‘மாமூல் வழிநடை பாத்தியம்’ சேர்ந்திருந்தது. முன்சீப் அதைக் கவனித்திருந்தார். சப் கோர்ட் தீர்ப்பில் அந்த வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டப்படி, அவசியத்தால் பிறந்த வழி உரிமை அவசியம் தீர்ந்தால் தீர்ந்துவிடும். பத்திரத்தால் கொடுத்த உரிமை அப்படித் தீராது. வேறு வழி இருக்கிறதா என்ற கேள்வியே அங்கே எழாது. அத்தையின் உரிமை இதில் எது? பத்திரத்தின் அந்த மூன்று சொற்களுக்குச் சட்டத்தில் என்ன பொருள்? இதுதான் கேள்வி.

அந்த மெமோவின் கம்பேர் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்ணூறு நாள் கெடுவில் கொஞ்சமே மிச்சம். மறுநாள் ரிஜிஸ்டர் தபாலில் மெட்ராஸ் வக்கீலுக்குப் போயாக வேண்டும். கரண்ட் இல்லை. அரிக்கேன் விளக்கை அப்பா டைப் பிரதியின் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். எனக்கு விளிம்பு வெளிச்சம்தான். ஐயாவின் டிராஃப்டில் அடித்தல் திருத்தல் நிறைய. முதலில் ‘கிரேவ் இன்ஜஸ்டிஸ்’ என்று எழுதி அடித்திருந்தார். அடுத்து ‘வைட்டல் ரைட்’, அதையும் அடித்திருந்தார். இன்னோரிடத்தில் ‘மோஸ்ட் இம்பார்ட்டன்ட்’ இருந்த சுவடு தெரிந்தது. கடைசியில் நின்ற கேள்வியில் ஒரு கனமான பெயரடைகூட இல்லை. பாகப் பத்திரம் வழிநடை பாத்தியத்தை வெளிப்படையாகக் கொடுத்திருக்கும்போது, மாற்று வழி உண்டு என்ற காரணத்தால் மட்டும் அந்த உரிமையை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டா? அவ்வளவுதான். அதற்குமேல் தலைப்பில் மட்டும், சட்டம் கேட்டபடி, ‘சப்ஸ்டான்ஷியல்’.

“ஏம்ப்பா எல்லாத்தையும் அடிச்சிட்டாங்க?” என்று கேட்டேன்.

“கேள்வியே கனமா இருக்குல்ல. அது மேல ஏத்தி வைக்க வேண்டாம்னு விட்டிருப்பாங்க” என்றார் அப்பா, விரலை அதே வரியில் வைத்தபடி. “வாசி, அடுத்த வரி.”

பதில் வர நாளாயிற்று. மெட்ராஸ் வக்கீலின் இன்லண்ட் லெட்டர் வந்த சாயங்காலம் அப்பா நேரே அத்தை வீட்டுக்குப் போனார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். வாய்க்கால் கரை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அத்தை மாவாட்டிக்கொண்டிருந்தார். குழவியைச் சுற்றும் கை நிற்காமலே, “செயிச்சாச்சா தம்பி?” என்றார்.

“இல்லக்கா. அட்மிட் ஆயிருக்கு. கேக்கறோம்னு சொல்லியிருக்காங்க. கேள்வியும் எழுதிட்டாங்க, நம்ம கேட்ட மாதிரியே. அதுவரைக்கும் கதவைப் பூட்டக்கூடாதுன்னு ஸ்டேயும் குடுத்திருக்காங்க.”

அத்தை குழவியை நிறுத்தினார். “நான் சொன்னது பெருசுதான்னு ஒத்துக்கிட்டாங்கல்ல” என்றார். அப்பா ஆமாம் என்றார். சட்டப்படி அது முழுக்கச் சரியான பதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். என்றாலும் அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதன்பிறகு வழக்கு காஸ் லிஸ்டில் ஏறி இறங்கி வருஷங்கள் போயின. தீர்ப்பு வந்தபோது நான் திருச்சியில் காலேஜில் இருந்தேன். பத்திரத்தின் வரி நின்றது. முன்சீப் தீர்ப்பை ஹைகோர்ட் மீண்டும் நிலைநிறுத்தியது என்று அப்பா கார்டு போட்டிருந்தார். கூடவே, அத்தை இட்லிக் கடையைச் சந்தின் வாயிலேயே போட்டுவிட்டதாகவும், கூடை சுமப்பதை நிறுத்திவிட்டதாகவும் ஒரு வரி.

நான் சட்டம் படிக்கவில்லை. ஆங்கிலம் படித்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். சந்தோஷ் ஹசாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2001-ல் சொன்ன தீர்ப்பை ஒரு மாணவன் கொண்டுவந்து காட்டியபோது, அந்தப் பத்தியை நின்றபடியே படித்தேன். 100-ஆவது பிரிவின் ‘சப்ஸ்டான்ஷியல்’ என்பதற்கு நீதிபதிகள் பொருளை அடுக்கியிருந்தார்கள். சாரமுள்ளது, உண்மையானது, மதிக்கத்தக்கது, முக்கியமானது, கணிசமானது. எதிராக நிறுத்தியவை: வெறும் சட்ட நுணுக்கப் பிடி, உள்ளீடோ விளைவோ இல்லாதது, ஏட்டளவிலான சர்ச்சை. 1852-ல் ரோஜே தன் மூன்றாம் தலைப்புக்கு எதிரே நிறுத்திய அதே வெறுமை. 100-ஆவது பிரிவில் ‘பொதுமுக்கியத்துவம்’ என்ற சொல்லை நாடாளுமன்றம் சேர்க்காமல் விட்டிருக்கிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு கவனமாகக் குறித்திருந்தது.

2004-ல் மதுரைக் கிளை வந்தபின் எங்கள் ஊர்ச் செகண்ட் அப்பீல்கள் அங்கேதான் போகின்றன. சந்து, கிணறு, வரப்பு, கூரையிலிருந்து விழும் தண்ணீர் என்று பெரும்பாலும் இரண்டு வீட்டுக்கு நடுவே நடக்கும் வழக்குகள். அந்த மெமோக்களில் இன்றும் கேள்வியின் தலையில் அதே ஒரு சொல்தான். கூட எதுவும் சேரவில்லை.